டிசிஷன் பாயின்ட்: எது மிசூரி என்று தெரியாமல் நின்ற மேடு

நீங்கள் கேட்டது இது: ஜூன் கடைசியில் குடும்பத்தோடு மொன்டானாவின் கிரேட் ஃபால்ஸில் இறங்கி, கார் எடுத்துக்கொண்டு கிளேசியர் தேசியப் பூங்காவுக்குப் போகிறீர்கள். லோமா என்ற ஊருக்குப் பக்கத்தில் டிசிஷன் பாயின்ட் என்று ஓர் இடத்தை மேப் காட்டுகிறது. படங்களில் புல்லும் ஆறும் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. 70 வயது அம்மாவையும் 11 வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு அங்கே போவது தகுமா?

தகும். ஆனால் அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். தெரியாமல் போனால் உங்களுக்குக் கிடைப்பது படத்தில் பார்த்த அதே புல்லும் ஆறும்தான். நான் கிரேட் ஃபால்ஸில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது, முதல் தடவை எதுவும் படிக்காமல் போய் 10 நிமிடத்தில் இறங்கிவிட்டேன். அப்புறம், இருநூறு ஆண்டுக்கு முன்னால் இந்த வழியாகப் பசிபிக் கடலைத் தேடிப் போன அமெரிக்க ராணுவ அதிகாரிகள் லூயிஸ், கிளார்க் இருவரின் நாட்குறிப்புகளைப் படித்தேன். அதற்குப் பிறகு ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்களை முதலில் அந்த மேட்டுக்குத்தான் கூட்டிப்போனேன். அதனால் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வழியும் நேரமும் அப்புறம்.

அந்த மேடு இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கிறது. ஒன்று மிசூரி. இன்னொன்று வடமேற்கிலிருந்து வருவது. அதை ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து மரியாஸ் என்று படிக்கத் தோன்றும், ஆனால் அந்தப் பக்கத்து ஆட்கள் ‘மரையஸ்’ என்றுதான் சொல்வார்கள். இரண்டும் சேரும் கூடுதுறையை மேட்டின் மேலிருந்து பார்க்கலாம். 1805 ஜூன் 2 மாலை லூயிஸும் கிளார்க்கும் தங்கள் குழுவோடு இங்கே வந்து சேர்ந்தார்கள்.

குழுவில் அப்போது இருந்தவர்கள் 33 பேர். பெரும்பாலும் ராணுவ வீரர்கள். கிளார்க்கின் அடிமையாக வந்த யார்க், மொழிபெயர்ப்பாளர் ஷார்போனோ, அவர் மனைவி சாககாவியா, பிறந்து நான்கு மாதம்கூட ஆகாத அவள் குழந்தை, எல்லாரும் அதில் சேர்த்தி. சீமன் என்ற பெரிய கறுப்பு நாயும் உண்டு. ஜனாதிபதி ஜெஃபர்சன் இவர்களுக்குக் கொடுத்த வேலை, மிசூரி ஆற்றை அது புறப்படும் இடம்வரை தொடர்ந்து போய், மலையைத் தாண்டி, கொலம்பியா ஆற்றைப் பிடித்து, பசிபிக் கடலுக்கு ஒரு வழி கண்டுபிடிப்பது. 1804 மே மாதம் கிளம்பியவர்கள், வடக்கு டகோடாவில் ஃபோர்ட் மான்டன் என்று ஒரு கோட்டை கட்டி, அங்கே பனிக்காலத்தைக் கழித்துவிட்டு, 1805 ஏப்ரல் 7-ல் மறுபடி புறப்பட்டார்கள்.

அந்தப் பனிக்காலத்தில்தான் அங்கே வாழ்ந்த பழங்குடிகளான ஹிடாட்சா மக்களிடம் மேற்கே என்னென்ன ஆறு வரும், எங்கே மலை தொடங்கும் என்று உட்கார்ந்து கேட்டு வைத்துக்கொண்டார்கள். ஹிடாட்சாக்கள் சொன்னது பெரும்பாலும் சரியாகவே வந்துகொண்டிருந்தது. மிசூரியில் ஒரு பெரிய அருவி வரும், அதைத் தாண்டினால் மலை என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஜூன் 2 மாலை வலது கைப் பக்கம் வந்து நின்ற இந்தப் பெரிய ஆற்றைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. லூயிஸ் அதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறார். இவ்வளவு பெரிய ஆறு, அவர்கள் எப்படிச் சொல்லாமல் விட்டார்கள்?

மறுநாள் காலையில் இரண்டு ஆற்றையும் அளந்தார்கள். தெற்கு ஆறு 372 கெஜ அகலம், வடக்கு ஆறு 200 கெஜம். நம் கணக்கில் ஏறத்தாழ 340 மீட்டரும் 183 மீட்டரும். அகலத்தை மட்டும் பார்த்தால் தெற்கு ஆறுதான் மிசூரி என்று சொல்லிவிடலாம். ஆனால் வடக்கு ஆறு ஆழம் கூடுதல். அதோடு, அதன் தண்ணீர் வெளுத்த பழுப்பு நிறத்தில் கெட்டியாகக் கலங்கி, கொதிப்பதுபோல் புரண்டு புரண்டு வந்தது. ஓராண்டாக அவர்கள் தினமும் குடித்து, குளித்து, எதிர்நீச்சலாகப் படகு இழுத்து வந்த மிசூரியின் முகம் அச்சு அசலாக அதுதான். தெற்கு ஆறோ தெளிந்து கிடந்தது. வேகமாக ஓடினாலும் மேலே அலையில்லை. அடியில் வழவழவென்று உருண்டை கல்லும் தட்டைக் கல்லும்.

சரி, நீங்களே சொல்லுங்கள். எதை மிசூரி என்பீர்கள்?

குழுவில் கிட்டத்தட்ட எல்லாருமே வடக்கு ஆற்றைக் காட்டினார்கள். அவர்களில் பியர் க்ருசாட்டும் ஒருவர். ஒற்றைக் கண், ஓரளவுதான் பார்வை. ஆனால் மிசூரியில் படகு தள்ளியே வளர்ந்தவர், குழுவிலேயே ஆற்றை நன்றாக அறிந்தவர். அவரே வடக்கு என்று சொன்னபோது, மற்றவர்களுக்கு வேறு என்ன சந்தேகம் வரும்?

தலைவர்கள் இருவர் மட்டும் தெற்கு என்றார்கள். அவர்கள் யோசித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். மற்றவர்கள் இதுவரை வந்த ஆறு எப்படி இருந்தது என்று பார்த்தார்கள். இவர்கள் இனிமேல் போக வேண்டிய ஆறு எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்தார்கள். மலைக்குப் போகும் ஆறுதான் நமக்கு வேண்டும். மலையிலிருந்து நேராக வரும் தண்ணீர் தெளிந்திருக்கும், அடியில் உருண்ட கற்கள் கிடக்கும். கலங்கி வருகிறது என்றால் அது வெட்டவெளியில் மண்ணை அரித்துக்கொண்டு நீண்ட தூரம் சுற்றி வருகிறது என்று அர்த்தம். வடக்கு ஆற்றின் அடியில் கொஞ்சம் சரளைக் கல், மீதி எல்லாம் சேறு. கல்லும் சேறும்தான் அவர்களுக்குச் சாட்சி.

ஆனாலும் ‘நாங்கள் தலைவர்கள், தெற்கே போங்கள்’ என்று சொல்லிவிடவில்லை. தப்பான ஆற்றில் போனால் என்ன ஆகும் என்று லூயிஸ் எழுதியிருப்பதன் சாரம் இது: பயணக் காலத்தில் இரண்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. தப்பான ஆற்றில் மலைவரை போய்த் திரும்பி வந்தால் இந்த ஆண்டே வீண். அதைவிட, ஆட்களின் மனம் விட்டுப்போய், பயணமே முறிந்துபோகலாம். அதனால் நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். ஜூன் 4 காலை லூயிஸ் ஆறு பேரோடு வடக்கு ஆற்றோரமாகவும், கிளார்க் ஐந்து பேரோடு தெற்கு ஆற்றோரமாகவும் நடந்தே புறப்பட்டார்கள். க்ருசாட்டையும் லூயிஸ் தன்னோடு கூட்டிப்போனார்.

மற்றவர்கள் கூடுதுறையில் தங்கிவிட்டார்கள். தங்கியவர்களின் கால்களைப் பற்றி லூயிஸ் எழுதியிருப்பதைப் படித்தால் மனம் கனத்துப்போகும். கல்லிலும் முள்ளிலும் வெறுங்காலோடு படகு இழுத்து இழுத்து, பாதம் கிழிந்து கன்றி, பலருக்கு நிற்கவே முடியவில்லை. அந்தக் காலோடு உட்கார்ந்துதான் உடுப்புக்காகத் தோல் பதப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மேட்டில் நடக்கும்போது உங்கள் காலைச் சுற்றித் தரையோடு படர்ந்த சப்பாத்திக்கள்ளியைப் பார்ப்பீர்கள். சிறியதுதான், ஆனால் முள் மான்தோல் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும்.

லூயிஸுக்கு வடக்கே மழை பிடித்துக்கொண்டது. ஜூன் 7 அன்று நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆற்றோரச் செங்குத்துச் சரிவில், குறுகலான ஒரு தடத்தில் எல்லாரும் வரிசையாக நடக்கிறார்கள். மழையில் ஊறிய களிமண். முதலில் லூயிஸுக்கே கால் வழுக்கியது. கையிலிருந்த ஈட்டியை ஊன்றித் தப்பினார். அவர் காலூன்றி நிமிர்வதற்குள் பின்னால் ஓர் அலறல், ‘கடவுளே, கேப்டன், நான் என்ன செய்வேன்’ என்று. திரும்பிப் பார்த்தால் வின்ட்சர் என்ற வீரன் குப்புற விழுந்து கிடக்கிறான். வலக் கையும் வலக் காலும் விளிம்புக்கு வெளியே தொங்குகின்றன. இடக் கையாலும் இடக் காலாலும் மண்ணைப் பற்றிக்கொண்டிருக்கிறான். கீழே 90 அடி.

லூயிஸ் தன் பயத்தை முகத்தில் காட்டவில்லை. உனக்கு ஒன்றும் ஆகாது என்று நிதானமாகச் சொன்னார். வலக் கையால் இடுப்பிலிருந்து கத்தியை உருவு, சரிவில் வலக் கால் வைக்க ஒரு குழி தோண்டு என்றார். வின்ட்சர் தோண்டினான், காலை வைத்தான், முழங்காலில் எழுந்தான். செருப்பைக் கழற்றச் சொல்லி, ஒரு கையில் கத்தி, மறு கையில் துப்பாக்கியோடு தவழ்ந்து வரச் சொன்னார். வந்துவிட்டான். பின்னால் வந்தவர்களை அந்தத் தடத்திலேயே விடாமல் கீழே இறங்கி, மார்பளவு தண்ணீரில் நடந்து வரச் சொன்னார்.

இந்தக் களிமண்ணை நீங்கள் இன்றும் தொட்டுப் பார்க்கலாம். உள்ளூரில் ‘கம்போ’ என்பார்கள். வெயிலில் காய்ந்து கிடக்கும்போது பாளம் பாளமாக வெடித்து, கடகடவென்று நொறுங்கும். அதன்மேல் கால் மணி நேரம் மழை பெய்தால் போதும், சோப்புக்கட்டிபோல் ஆகிவிடும். ஒருமுறை நான் தூறல் நின்றுவிட்டதே என்று மேலே ஏறினேன். பத்தடி போவதற்குள் இரண்டு செருப்பின் அடியிலும் தோசைக்கல் கட்டியதுபோல் மண் அப்பிக்கொண்டது, எடுத்து வைத்த கால் பின்னாலேயே வழுக்கியது. வின்ட்சர் தொங்கியது எப்படி என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

கிளார்க் ஜூன் 6-ல் திரும்பினார், லூயிஸ் ஜூன் 8-ல். வடக்கு ஆறு ரொம்பவும் வடக்கே ஒதுங்குகிறது, அது நம் வழி இல்லை என்று லூயிஸ் உறுதியாகிவிட்டார். அதற்குத் தன் உறவுப்பெண் மரியா வுட் பெயரை வைத்தார். இந்தக் கலங்கல் ஆறு அவளுடைய குணத்துக்குப் பொருந்தாது என்று அவரே ஒத்துக்கொள்கிறார், ஆனாலும் பெயர் அதுதான். அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான பிளாக்ஃபீட் மக்களுக்கு அது அதற்கு முன்பும் இன்றும் கரடி ஆறு.

இவ்வளவு பார்த்துவிட்டு வந்து சொல்லியும் வீரர்கள் மனம் மாறவில்லை. நீங்கள் எங்கே கூப்பிட்டாலும் வருகிறோம், ஆனால் மிசூரி என்னவோ அந்த வடக்கு ஆறுதான் என்று மலர்ந்த முகத்தோடு சொன்னார்கள். அன்று முதல் இன்றுவரை இந்தப் பயணத்தைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் தலைவர்களின் அறிவைப் புகழ்வார்கள். எனக்கு அந்த முப்பது பேர்தான் பெரியவர்களாகத் தெரிகிறார்கள். தாங்கள் நினைப்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, தப்பு என்று நம்பிய வழியில் முகம் சுளிக்காமல் போவது எவ்வளவு கடினம் என்று நம் வீட்டிலேயே பார்த்திருப்போம். தலைவர்களும் அவர்கள் வாயை அடைக்கவில்லை. ஜூன் 9 இரவு க்ருசாட் பிடில் வாசித்தார், புண்ணான காலோடு எல்லாரும் ஆடினார்கள்.

சுமையைக் குறைப்பதற்காகச் சிவப்புப் படகு ஒன்றை மரையஸ் முகத்தில், அதாவது அது மிசூரியில் சேரும் வாயில், இருந்த சிறு தீவில் மறைத்து வைத்தார்கள். வாய் குறுகி அடி அகன்ற நெற்குழி மாதிரி நிலத்தில் குழி தோண்டி, கொல்லன் கருவிகள், உப்பு, தோல்கள், வெடிமருந்து என்று புதைத்தார்கள். ஜூன் 11-ல் லூயிஸ் நான்கு பேரோடு தெற்கு ஆற்றோரம் முன்னால் நடந்தார். வயிற்றுக் கடுப்பும் காய்ச்சலும் வந்து, காட்டுச் செர்ரிக் குச்சிகளைக் கொதிக்கவைத்துக் குடித்துத்தான் எழுந்தார். ஜூன் 13 அன்று தூரத்தில் அருவிச் சத்தம் கேட்டது, புல்வெளிக்கு மேலே புகைபோல் நீர்த்துளி எழும்பியது. ஹிடாட்சாக்கள் சொன்ன அருவி. மிசூரி அதுதான்.

இப்போது மேட்டின்மேல் நின்று பார்க்கும்போது ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குழப்பமாக இருக்கும். நீங்கள் பார்க்கும் தண்ணீர் அவர்கள் பார்த்த தண்ணீர் மாதிரி இருக்காது. மரையஸின் மேலே 1950-களில் டைபர் அணை கட்டினார்கள். வெள்ளமும் வண்டலும் அங்கே தேங்கிவிடுகின்றன. அணைக்குக் கீழே ஆறு மெலிந்து, தெளிந்து, அளவாக வருகிறது. லோமாவுக்குப் பக்கத்தில் டீடன் ஆறு வந்து சேர்ந்து அதற்குக் கொஞ்சம் கலங்கல் கொடுக்கிறது, அவ்வளவுதான். மிசூரியிலும் கிரேட் ஃபால்ஸ் அருவிகள் மேல் ஐந்து அணைகள், அவற்றுக்கும் மேலே இன்னும் சில. ஆகவே இன்றைக்கு மேட்டில் நிற்பவர்களுக்கு, அகலமாக வருவது மிசூரி, ஒல்லியாக வருவது துணை ஆறு, இதில் என்ன சந்தேகம் என்று தோன்றும். முதல் தடவை எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பனி உருகி, மழையும் பெய்து, வடக்கு ஆறு கரை தொட்டுப் புரண்ட ஜூன் மாதத்தை நீங்கள்தான் மனதில் கொண்டுவர வேண்டும்.

மாறாதது நிலம். மேட்டில் நின்று தெற்கே பார்த்தால் ஹைவுட் மலைகள், வடகிழக்கே பேர்ஸ் பா மலைகள், நீல நிறத்தில் தனித்தனித் தீவுகள்போல் நிற்கும். நடுவில் எல்லாம் புல். ஜூனில் பச்சை, ஜூலை பாதியில் வைக்கோல் நிறம். ஆற்றங்கரையில் மட்டும் காட்டன்வுட் மரங்கள் கரும்பச்சையாக ஒரு கோடு இழுத்தாற்போல. ஜூன் 3 அன்று லூயிஸும் கிளார்க்கும் இந்த ஆற்றிடை மேட்டில்தான் ஏறிச் சுற்றிப் பார்த்தார்கள். எந்தத் திசையிலும் ஒரே சமவெளி, எண்ணிலடங்காத காட்டெருமை மந்தைகள், அவற்றை மேய்ப்பவர்கள்போல் கூடவே ஓநாய்கள் என்று லூயிஸ் எழுதிவைத்தார். அந்த எருமைகள் இன்று அங்கே இல்லை. கோதுமை வயல்களும் மாட்டு மந்தைகளும் இருக்கின்றன. மெடோலார்க் என்ற மஞ்சள் மார்புப் பறவை வேலிக் கம்பத்தில் உட்கார்ந்து பாடும். நின்று கேளுங்கள். அந்தப் பாட்டை லூயிஸும் கேட்டிருப்பார்.

அவர்கள் வந்து போனதோடு இந்த இடத்தின் கதை முடியவில்லை, பையனுக்கு அதையும் சொல்லுங்கள். திரும்பும் வழியில், 1806 ஜூலையில், லூயிஸ் மரையஸ் ஆற்றின் மேல்பகுதியைப் பார்க்கப் போனார். அது எவ்வளவு வடக்கே போகிறதோ, அவ்வளவு நிலத்தை அமெரிக்கா உரிமை கொண்டாடலாம் என்ற கணக்கு. 50-ஆம் அட்சக்கோடு வரை போகும் என்று எதிர்பார்த்தார், போகவில்லை. அங்கே பிளாக்ஃபீட் இளைஞர்கள் சிலரோடு ஓர் இரவு ஒன்றாகத் தங்கி, ஜூலை 27 விடியற்காலையில் துப்பாக்கிக்கும் குதிரைக்குமாக ஏற்பட்ட சண்டையில் அவர்களில் இருவர் கொல்லப்பட்டார்கள். லூயிஸும் மூன்று பேரும் இரவு பகலாகக் குதிரை ஓட்டி, ஏறத்தாழ 100 மைல் தாண்டி மிசூரிக் கரைக்கு வந்தபோது, அதே நேரத்தில் அவர்களுடைய சகாக்கள் படகில் வந்துகொண்டிருந்தார்கள். மரையஸ் முகத்துக்கு வந்து பார்த்தால், புதைத்த குழி இடிந்து பொருள்கள் கெட்டுக் கிடந்தன, சிவப்புப் படகு உளுத்துப் போயிருந்தது.

அதற்கு அப்புறம் வணிகர்கள் வந்தார்கள். 1831-ல் ஜேம்ஸ் கிப் என்பவர் மரையஸ் முகத்தில் ஃபோர்ட் பீகன் என்ற தோல் வணிகக் கோட்டையைக் கட்டினார், மறு ஆண்டே அது எரிந்தது. 1865-ல் ஓஃபிர் என்று ஒரு நகரம் அமைக்கப் பார்த்தார்கள். மரம் வெட்டப் போன 10 பேர் கொல்லப்பட்டதும் அதைக் கைவிட்டார்கள். 1870 ஜனவரி 23 அன்று, உறைபனியில், இதே ஆற்றின் மேல்பகுதியில் மேஜர் பேக்கரின் படை, அம்மையில் படுத்துக் கிடந்த, பிளாக்ஃபீட் மக்களில் ஒரு பிரிவான பீகன் மக்களின் முகாம் ஒன்றைச் சுட்டது. செத்தவர்கள் ஏறத்தாழ 200 பேர், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். ஹெவி ரன்னர் என்ற தலைவர், நாங்கள் நட்பானவர்கள் என்ற காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தும் சுடப்பட்டார். மேட்டிலிருந்து அந்த இடம் தெரியாது. ஆனால் கீழே ஓடும் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. லூயிஸ் வைத்த பெயரைச் சொல்லிக்கொடுக்கும்போது கரடி ஆறு என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

இனி வழி. கிரேட் ஃபால்ஸிலிருந்து 87-ஆம் நெடுஞ்சாலையில் வடகிழக்கே போனால் ஃபோர்ட் பென்டன் ஏறத்தாழ 40 மைல், அங்கிருந்து லோமா 11 மைல். லோமாவுக்குச் சற்று முன்னால் லோமா ஃபெரி சாலை பிரிகிறது, சரளைச் சாலை. அதில் கொஞ்ச தூரத்திலேயே கார் நிறுத்தும் இடம் வந்துவிடும். அங்கிருந்து மேட்டுக்கு நடை. தூரம் அதிகமில்லை, ஆனால் ஏற்றம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் கைத்தடி ஒன்றைக் கொடுத்து, நின்று நின்று கூட்டிப்போங்கள். நிழல் ஒரு துளியும் கிடையாது, தண்ணீர் கிடையாது, காற்று மட்டும் தொப்பியைப் பிடுங்கும் அளவுக்கு அடிக்கும். கட்டணம் எதுவும் இல்லை. தண்ணீரும் கொசு மருந்தும் ஃபோர்ட் பென்டனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ரேட்டில்ஸ்னேக் என்ற கிலுகிலுப்பைப் பாம்பு அந்தப் புல்லில் உண்டு. தடத்தை விட்டு இறங்காமல், பார்க்காத இடத்தில் கை வைக்காமல் இருந்தால் பயமில்லை, பையனிடம் காரிலேயே சொல்லிவையுங்கள். மழை பெய்த அன்றும் மறுநாளும் போகாதீர்கள். அம்மாவோடு அந்தக் களிமண்ணில் ஏறவே கூடாது.

நண்பகலில் போனால் எல்லாம் வெளுத்துத் தெரியும். ஜூன் கடைசியில் அங்கே இரவு ஒன்பதரைக்குப் பக்கத்தில்தான் சூரியன் இறங்கும். ஆறரை ஏழு மணிக்கு மேலே ஏறுங்கள். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு மடிப்பும் நிழலோடு எழுந்து நிற்கும், இரண்டு ஆறும் தகடுபோல் மின்னும். பகல் பொழுதை ஃபோர்ட் பென்டனில் கழியுங்கள். 1860-ல் முதல் நீராவிக் கப்பல்கள் வந்து சேர்ந்த துறை அது. மிசூரியில் அதற்குமேல் கப்பல் போக முடியாது என்பதால் ஊரே அந்தக் கரையில்தான் வளர்ந்தது. கரையில் லூயிஸ், கிளார்க், குழந்தையோடு சாககாவியா மூவரும் இருக்கும் வெண்கலச் சிலை உண்டு, மரையஸ் முகத்தில் வழி தேடி நின்ற காட்சிதான் அது. எசமானின் சவப்பெட்டி ரயிலில் ஏறிப் போனபின் 1936 முதல் 1942 வரை நிலையத்தை விட்டுப் போகாமல் காத்திருந்த ஷெப் என்ற நாய்க்கும் ஒரு சிலை இருக்கிறது. 11 வயதுப் பையன் அதை விட்டு வரமாட்டான். 1888-ல் கட்டிய பழைய பாலத்தில் இப்போது நடந்து மட்டும்தான் போகலாம். கரையில் இறங்கி ஆற்றோரக் கற்களில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூலை இல்லாமல் வழவழவென்று இருக்கும். லூயிஸும் கிளார்க்கும் சாட்சியாக எடுத்துக்கொண்டது இந்த மாதிரிக் கற்களைத்தான்.

நேர் வழியில் பார்த்தால் கிளேசியர் வடமேற்கே, லோமா வடகிழக்கே. ஆகவே போய்த் திரும்பினால் அரை நாள் போகும். ஆனால் திரும்ப வேண்டியதில்லை. இரவு ஃபோர்ட் பென்டனில் தங்கி, மறுநாள் 87-லேயே பிக் சாண்டி வழியாக ஹாவர் போங்கள். லோமாவிலிருந்து ஏறத்தாழ 60 மைல். அங்கே 2-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே திரும்பினால், ஷெல்பி, பிரவுனிங் தாண்டி கிளேசியரின் கிழக்கு வாசலுக்கே கொண்டுபோய் விடும். நீண்ட ஓட்டம்தான், ஆனால் மரையஸ் ஆறு புறப்பட்டு வரும் நாடு முழுவதும் கண்ணில் படும். பிரவுனிங்குக்குச் சற்று முன்னால் சாலையோரத்தில் ஒரு கல்தூண் நிற்கும். ஆறு இதற்கு மேல் வடக்கே போகவில்லை என்று தெரிந்து லூயிஸ் ‘ஏமாற்ற முகாம்’ என்று பெயர் வைத்த இடத்தின் நினைவுக்கு நட்டது. அது பிளாக்ஃபீட் மக்களின் நிலம், வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒன்று. மேட்டில் விளக்கப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் படிப்பதற்கு முன்னால், வடக்கு ஆறு கலங்கி ஆழமாக வந்தது, தெற்கு ஆறு தெளிந்து அகலமாக வந்தது என்று மட்டும் அம்மாவிடமும் பையனிடமும் சொல்லி, எந்தப் பக்கம் போவீர்கள் என்று கேளுங்கள். நான் கூட்டிப்போனவர்களில் பெரும்பாலானவர்கள் க்ருசாட் பக்கம்தான் கை காட்டினார்கள். உங்கள் வீட்டில் யார் எந்தப் பக்கம் காட்டினார்கள் என்று திரும்பி வந்ததும் எழுதுங்கள்.